வீட்டுக்குள் மரச்சுவர்: கிளியர் பாலிஷா, கலர் பாலிஷா? முழுமையான வழிகாட்டி

ஓசூர் பக்கம் புதிதாகக் கட்டும் வீடுகளில் ஹாலில் ஒரு சுவருக்காவது மரப்பலகை அடிக்கிறார்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் டிவி மாட்டும் சுவர், பூஜை அறையை ஒட்டிய சுவர், மாடிப்படி ஏறும் பக்கம் என்று மரம் வந்துவிட்டது. ஆசாரி பலகை அடித்து முடித்ததும் பாலிஷ்காரர் வந்து கேட்கிற முதல் கேள்வி, "கிளியரே போட்டுடலாமா, இல்ல கலர் குடுக்கணுமா?" என்பதுதான். நின்ற இடத்திலேயே, மாதிரி அட்டையில் இருக்கும் வால்நட் நிறத்தைத் தொட்டுக் காட்டிப் பலர் பதில் சொல்லிவிடுகிறார்கள். பல வருடம் தினமும் கண்ணில் படப்போகிற சுவர் அது. அதற்கு இவ்வளவு அவசரம் வேண்டாம்.

இந்த முடிவைப் பலகை வாங்கும்போதே எடுத்துவிட வேண்டும். அடித்த பிறகு யோசித்தால் சில வழிகள் அடைபட்டுப் போகும். எப்படி என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

கிளியர் போட்டாலும் நிறம் மாறும்

கிளியர் பாலிஷ் என்றால் மரம் இப்போது இருக்கிறபடியே இருக்கும் என்று நம்புகிறோம். அப்படி இருக்காது. எந்த கிளியர் போட்டாலும் மரம் ஈரம் பட்டது போல ஒரு படி கறுக்கும். பாலிஷுக்கும் சொந்த நிறம் உண்டு. ஆளிவிதை எண்ணெயும் எண்ணெய் கலந்த சாதாரண வார்னிஷும் போடும்போதே தேன் நிறம் காட்டும். வருடம் ஆக ஆக மஞ்சள் ஏறும். அரக்கைக் கரைத்துப் போடும் பிரெஞ்சு பாலிஷ் செம்பழுப்புச் சாயல் தரும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வகைதான் மரத்தின் வெளிர் நிறத்தை அதிகம் காப்பாற்றும். இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷில் மஞ்சளாகும் வகையும் உண்டு, மஞ்சளாகாத வகையும் உண்டு. கடையில் அதைக் கேட்டு, டப்பாவில் எழுதியிருப்பதையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். மேலே மஞ்சளாகாத பி.யு. அடித்துவிட்டு, செலவைக் குறைக்க அடியில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) சீலர், அதாவது மரத்தை அடைக்கும் அடிப்பூச்சு, போட்டால் அந்தச் சீலர் மஞ்சளாகும். மேலே செலவழித்தது வீண்.

இது பாலிஷின் கதை. மரமும் சும்மா இருக்காது. வெளிச்சத்தில் இருக்கும் புற ஊதாக் கதிர் மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருளைச் சிதைக்கிறது. அதனால் பைன் போன்ற வெளிர் மரங்கள் மஞ்சளாகி, சில வருடத்தில் ஆரஞ்சுச் சாயலுக்குப் போய்விடும். புதிதாக அறுத்த தேக்கில் பச்சையும் பழுப்புமாகக் கோடுகள் திட்டுத்திட்டாகத் தெரியும். வெளிச்சம் பட்டுச் சில வாரத்தில் எல்லாம் ஒன்று கூடிப் பொன்னிறமாகிவிடும். "தேக்கு ஒரே மாதிரி இல்லையே, கலர் கொடுத்துச் சமப்படுத்தலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: பலகையை வெளிச்சமான வராந்தாவில் கொஞ்ச நாள் போட்டு வைத்துவிட்டு, அப்புறம் பாருங்கள்.

ஆக, இன்றைய நிறத்தோடு நாலைந்து வருடம் கழித்து வரப்போகிற நிறத்தையும் சேர்த்து யோசித்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். கலர் கொடுப்பதற்குச் சரியான காரணங்கள் என்று நான் நினைப்பவை மூன்று: மரத்தில் கண்ணை உறுத்தும் நிற வேறுபாடு இருப்பது, வரப்போகிற மஞ்சளைத் தடுக்க வேண்டியிருப்பது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கதவு, நிலை, சாமான்களோடு சேர வேண்டியிருப்பது. விலை குறைந்த மரத்தைத் தேக்காகக் காட்டுவதற்குக் கலர் கொடுத்தால் சில அடி தள்ளி நின்று பார்க்கும்போதே தெரிந்துவிடும். மரத்தின் ரேகை பொய் சொல்லாது.

முதல் படி: கையில் இருப்பது என்ன மரம்?

தேக்கு என்றால் கிளியர். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. சிறு வயதிலேயே வெட்டிய தோட்டத் தேக்கில் மட்டும் ஒரு சிக்கல் வரும். வைரப்பகுதி, அதாவது நடுவிலுள்ள கறுத்த மரம், குறைவாகவும் ஓரத்து வெள்ளை அதிகமாகவும் இருக்கும். பலகைக்குப் பலகை வெள்ளைப் பட்டை ஓடினால் சுவர் கோடு போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். அதற்காகச் சுவர் முழுக்கக் கலர் அடிக்க வேண்டாம். வெள்ளைப் பட்டைக்கு மட்டும் வெளிர் பழுப்பு ஸ்டெயினை, அதாவது மரத்துக்குள் இறங்கும் கலரை, துணியால் தொட்டுத் தடவி, வைரத்தின் நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, பிறகு முழுச் சுவருக்கும் கிளியர் போடலாம். பொறுமையான கை வேண்டும். கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பாலிஷ் போடுவதற்குச் சற்று முன் தின்னர் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் சில வார்னிஷ்கள் நாள் கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும்.

மாமரம் நம் ஊர்ச் சரக்கு. கிருஷ்ணகிரி, சந்தூர், போச்சம்பள்ளி, காரிமங்கலம் பக்கம் காய்ப்பு விட்டுப்போன தோப்பை வெட்டும்போது நல்ல பருமனான மரம் கிடைக்கும். பெட்டி செய்யவும் விறகுக்கும்தான் ஆகும் என்று ஒதுக்கி வைத்திருந்தோம். சரியாகப் பதப்படுத்திச் சுவருக்கு அடித்தால் அதன் அழகே தனி. வெளிர் பழுப்பில் கறுத்த கோடுகள், இடையிடையே அலை அலையாக மின்னும் ரேகை. ஆனால் இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒன்று, மாமரத்தில் வண்டு சீக்கிரம் விழும். அறுத்த உடனே போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த கரைசலில் ஊறவைத்துக் காயவிட்ட பலகையாகக் கேட்டு வாங்குங்கள். காய்ந்த பின் மேலே உப்புப் பூத்தது போலத் தெரிந்தால் துடைத்து, உப்புத்தாள் போட்ட பிறகே பாலிஷ். இல்லையென்றால் கிளியருக்கு அடியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். இரண்டு, வெட்டிய மரம் ஈரத்தோடு கிடந்திருந்தால் பூஞ்சை ஏறிச் சாம்பல் நீலக் கறை படிந்திருக்கும். மரத்தின் பலத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. கிளியர் போட்டால் மட்டும் அது அழுக்கு மாதிரி தெரியும். அப்படிப்பட்ட பலகைக்கு நடுத்தரப் பழுப்புக் கலர் நியாயமான தேர்வு. கறை இல்லாத பலகைக்குக் கிளியர்தான்.

பைன் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று மரக்கடையில் இறக்குமதிச் சரக்கு. இன்னொன்று ஓசூர் தொழிற்சாலைகளுக்கு இயந்திரம் வந்து இறங்கும் பெட்டி, பேலட் மரம். இரண்டாவதை வாங்கினால் பலகையில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்றிருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, வீட்டுக்குள் வைக்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷவாயு பிடித்தது, அதை வாங்காதீர்கள். பைனுக்கு வெறும் கிளியர் போட்டால் சில வருடத்தில் சுவர் முழுக்க மஞ்சள் தட்டும். அது பிடிக்காதவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு: தண்ணீரில் கரையும் பாலிஷில் மிகச் சிறிதளவு வெள்ளை கலந்து முதல் கை கொடுப்பது. பெயின்ட் அடித்த மாதிரி இருக்காது. ரேகை தெரியும், மஞ்சள் மட்டும் அடங்கும். பைனின் கணுக்களில் பிசின் கசியும். அந்த இடங்களை முதலில் மெழுகு நீக்கிய அரக்கால் அடைத்துவிட வேண்டும்.

பழைய வீடு இடித்த மரம் வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுத்த கறை இருக்கும். இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்து வந்த கறை அது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதை எடுக்கும். அது விஷம் என்பதால் கையுறை போட்டு, குழந்தைகளைத் தள்ளி வைத்து, நன்றாகக் கழுவிக் காயவைக்க வேண்டும். அந்தக் கறையே மரத்தின் வயதைச் சொல்கிறது என்று விட்டுவிட்டாலும் தப்பில்லை.

தேக்கு வெனீர் ஒட்டிய பிளைவுட் என்றால் மேலே இருப்பது அரை மில்லி மரம்தான். மெஷின் வைத்துத் தேய்த்தால் கிழிந்துவிடும். கையால், நுணுக்கமான உப்புத்தாளால், லேசாகத் தேய்க்கச் சொல்லுங்கள். வெனீர் எல்லாம் ஒரே கட்டிலிருந்து வந்தால் நிறம் ஒத்துப்போகும்; கிளியரே போதும்.

இரண்டாம் படி: அறையையும் வெளிச்சத்தையும் பாருங்கள்

நம் பக்கத்து வீடுகளில் வெயிலுக்கு பயந்து ஜன்னலைச் சிறிதாக வைப்பது வழக்கம். அப்படிப்பட்ட ஹாலில் அடர் வால்நட் நிறத்தில் ஒரு பெரிய சுவர் எழும்பினால் பகலிலும் லைட் போட வேண்டியிருக்கும். இருட்டான அறைக்கு வெளிர் நிறம், மேற்கு வெயில் நேராக வந்து விழும் அறைக்குக் கொஞ்சம் அடர் நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சுவரில் இன்னொரு கவனம் தேவை. சாயத்தால் ஆன கலர் வெயிலில் வெளுக்கும். மண்நிறப் பொடி கலந்த கலர் நிற்கும். கடையில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இரவில் எந்த லைட் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். வெள்ளை வெளேர் என்ற 6500 கெல்வின் எல்.இ.டி. வெளிச்சத்தில் பழுப்பு மரம் உயிரில்லாமல் தெரியும். அதே பலகை 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் வேறு மரம் போல இருக்கும். பாலிஷை மாற்றுவதைவிட பல்பை மாற்றுவது சுலபம்.

பூஜை அறைச் சுவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். விளக்குப் புகை, ஊதுவத்தி, மஞ்சள், குங்குமம், எண்ணெய்க் கை எல்லாம் படுகிற இடம். எண்ணெய் மட்டும் தேய்த்து விட்ட மரத்தில் குங்குமம் பட்டால் உள்ளே இறங்கிவிடும். இங்கே படலம் கட்டுகிற பாலிஷ், அதாவது பி.யு. அல்லது நல்ல வார்னிஷ்தான் சரி. துடைத்தால் போய்விடும்.

மூன்றாம் படி: மாதிரிப் பலகை

இதை மட்டும் தவிர்க்காதீர்கள். வழிகாட்டி முழுவதிலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. உப்புத்தாள் போட்ட பலகையில் தின்னர் நனைத்த துணியை ஒரு இழுப்பு இழுங்கள். மரம் ஈரமாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் தெரியும் நிறம், கிளியர் போட்டால் வரப்போகிற நிறத்துக்கு மிகவும் பக்கம். அது மனதுக்குப் பிடித்திருந்தால் கலர் பற்றிய பேச்சே வேண்டாம். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

பிடிக்கவில்லை என்றால், சுவருக்கு வாங்கிய அதே மரத்தில் இரண்டடி நீளத் துண்டுகள் நான்கைந்து எடுங்கள். வெளிர் பலகை, கறுத்த பலகை, கணு உள்ளது என்று கலந்து எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சுவருக்குப் போடப்போகிற அதே நம்பர் உப்புத்தாளால் தேயுங்கள். சொரசொரப்பாக விட்ட மரம் கலரை அதிகம் குடிக்கும், வழவழப்பாகத் தேய்த்தது குறைவாகக் குடிக்கும். இங்கே நம்பர் மாறினால் நிறமும் மாறிவிடும். ஒரு துண்டுக்கு வெறும் கிளியர். மற்றவற்றுக்கு ஒரே கலரைப் பாதி அளவு, முழு அளவு என்று மாற்றி மாற்றி. எல்லாவற்றுக்கும் சீலர், மேல் பூச்சு என்று முழு வேலையும் நடக்க வேண்டும். கலர் மட்டும் தடவிய துண்டை வைத்து முடிவு செய்தால் மேல் பூச்சு வந்ததும் நிறம் மாறி ஏமாற்றும். ஒவ்வொரு துண்டின் பின்னாலும் என்ன போட்டோம், எத்தனை கை, என்ன அளவு என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

பைன், மாமரம் இரண்டும் கலரைத் திட்டுத்திட்டாகக் குடிக்கும். ஒரே பலகையில் இங்கே கறுப்பு, அங்கே வெளுப்பு. இதைத் தடுக்க, கலருக்கு முன்னால் நன்றாக நீர்த்த சீலரை ஒரு கை கொடுத்து, காய்ந்ததும் லேசாகத் தேய்த்துவிட்டு அதன் மேல் கலர் போட வேண்டும். மாதிரித் துண்டிலேயே ஒரு பாதியில் இப்படிச் செய்தும் மறு பாதியில் செய்யாமலும் பாருங்கள். வித்தியாசம் கண்ணில் அடிக்கும்.

காய்ந்த துண்டுகளைச் சுவர் வரப்போகிற இடத்தில், படுக்க வைக்காமல் நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள். காலையில், மதியம், இரவு லைட் போட்டு, மூன்று வேளையும் பார்க்க வேண்டும். தரை டைல்ஸ், திரைச்சீலை, சோபா எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு துண்டுகளுக்கு நடுவே மனம் ஊசலாடினால் வெளிர் நிறத்தை எடுங்கள். கைப்பிடித் துண்டில் மிதமாகத் தெரிகிற நிறம் சுவர் அளவுக்கு விரியும்போது அடர்த்தியாகத் தெரியும். பிறகு வேண்டுமானால் கறுப்பாக்கிக்கொள்ளலாம். உள்ளே இறங்கிய கலரை வெளியே எடுக்க மரத்தையே தேய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

நான்காம் படி: பலகை சுவரில் ஏறும் முன்

முதலில் சொன்ன விஷயம் இங்கே வருகிறது. ஒன்றுக்குள் ஒன்று செருகும் நாக்குப் பலகைகளை மழைக்காலத்தில் அடித்தால், சித்திரை வெயிலில் அவை சுருங்கும். தர்மபுரி, அரூர், ஊத்தங்கரை போன்ற ஊர்களின் வறண்ட வெயிலில் இது நன்றாகவே நடக்கும். அடித்த பிறகு அடர் கலர் கொடுத்திருந்தால், சுருங்கியதும் ஒவ்வொரு இணைப்பிலும் கலர் படாத நாக்கு வெள்ளைக் கோடாக வெளியே தெரியும். சுவர் முழுக்க மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடுகள். கிளியர் என்றால் இது கண்ணிலேயே படாது. அதனால் கலர் என்று முடிவு செய்தவர்கள், ஒவ்வொரு பலகைக்கும் நாக்கோடு சேர்த்துக் கலரும் முதல் கையும் கொடுத்துவிட்டு, அப்புறம் சுவரில் ஏற்ற வேண்டும். பின்பக்கத்துக்கும் ஒரு கை சீலர் கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

வீட்டுக்குள் வந்த பலகையை உடனே அடிக்காமல், இடைவெளிக் குச்சி வைத்து அடுக்கி, அதே அறையில் ஓரிரு வாரம் விடுங்கள். ஈரமானி இருந்தால் 12 சதவீதத்துக்குக் கீழே காட்ட வேண்டும். சுவரே ஈரம் கசிந்தால் முதலில் அதைச் சரிசெய்யாமல் எந்த பாலிஷும் நிற்காது.

ஐந்தாம் படி: வேலை நடக்கும் நாட்கள்

தை, மாசி, பங்குனி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழையில் என்.சி., மெலமைன் பாலிஷ் அடித்தால் தின்னர் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் படலத்தில் படிந்து, பால் படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். அடர் கலர் மேல் இது மிகவும் அசிங்கமாகத் தெரியும். ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். தேன்கனிக்கோட்டை, தளி பக்கமும் மார்கழிக் காலையில் பனி இறங்கும். அங்கே வெயில் ஏறிய பிறகு ஆரம்பித்து, மாலைக்கு முன் முடிக்க வேண்டும். தர்மபுரிச் சித்திரையில் இதற்கு நேர்மாறு: உச்சி வெயிலில் பிரஷ் இழுக்காது, கொப்புளம் கிளம்பும்; காலை வேலைதான் சரி.

தேய்ப்பு 120, 180, கடைசியில் 220. ரேகை ஓடும் திசையில்தான் கை போக வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் கலர் பட்டதும் கறுப்பாக எழும்பி நிற்கும். கிளியரில் ஓரளவு மறைந்துவிடும். தேய்த்த தூசியைத் துடைக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொடாதீர்கள். இரும்புச் சத்துள்ள தண்ணீர் துவர்ப்புள்ள மரத்தில் பட்டால் கறுப்புப் புள்ளி விழும். தண்ணீர் வகை பாலிஷைக் கலக்கவும் சுத்திகரித்த தண்ணீர்தான். அதே காரணத்தால் இரும்பு நாரும் வேண்டாம்.

கலரை முழுச் சுவருக்கும் ஒரே வாளியில் ஒரே தடவையாகக் கலக்க வேண்டும். நடுவில் தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் சேராது. துணியால் தடவி, ஒரு பலகையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நிறுத்தாமல் முடித்து, உபரியை உடனே துடைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டுக்கோடு விழும். மேல் பூச்சிலேயே கலரைக் கலந்து அடிப்பது வேகமான வழிதான். பிரஷ்ஷில் அது கோடு கோடாக வரும். ஸ்பிரே அடிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் அதைக் கொடுங்கள்.

மேல் பூச்சுக்கு ஒரு லிட்டர், ஒரு கைக்குச் சுமார் 100 சதுர அடி வரும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சுவரை யாரும் மிதிக்கப் போவதில்லை, சீலருக்கு மேல் இரண்டு கை போதும். கைகளுக்கு நடுவே 320 நம்பர் தாளால் லேசாக ஒரு தேய்ப்பு. பளபளப்பு என் விருப்பம் இல்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது கிளாஸி சுவரில் ஒவ்வொரு மேடு பள்ளமும் தெரியும். மேட் (பளபளப்பு இல்லாதது) அல்லது சாட்டின் (லேசான மினுமினுப்பு) போடுங்கள். அடர் கலருக்கு மேட் போடுகிறவர்கள் முதல் கையைக் கிளாஸியில் கொடுத்துவிட்டுக் கடைசிக் கையை மட்டும் மேட்டில் கொடுக்க வேண்டும். எல்லாக் கையும் மேட் என்றால் கறுப்பின் மேல் மங்கலான திரை விழுந்த மாதிரி இருக்கும்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். பி.யு. ஸ்பிரேயில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். துணி கட்டினால் போதாது, அதற்கான வடிகட்டி முகமூடி வேண்டும். பாலிஷ் போடுகிறவர் அதைப் போட்டுக்கொள்ளும்படி நீங்களே வாங்கிக் கொடுங்கள். மெலமைன் காயும்போது ஃபார்மால்டிஹைடு வெளியேறும், அதனால் படுக்கையறைக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன். தின்னர் நெடி இருக்கும் வரை அந்த வீட்டில் சாமி விளக்கும் அடுப்பும் எரியக்கூடாது. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

ஆட்களிடம் விலை பேசும்போது சதுர அடிக் கூலியோடு நிறுத்தாதீர்கள். சீலர் எத்தனை கை, மேல் பூச்சு எத்தனை கை, என்ன சரக்கு என்று எழுதி வாங்கி, டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பின்னால் எழுதி வைத்த மாதிரித் துண்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். சுவர் அதன் நிறத்துக்கு வந்தால்தான் வேலை முடிந்தது என்று முதலிலேயே பேசிவிட்டால் பிறகு இரு தரப்புக்கும் மனக்கசப்பு இருக்காது.

முடிந்த பிறகு

முதல் ஆறு மாதம் சுவரில் காலண்டர், படம் எதையும் ஒரே இடத்தில் மாட்டி வைக்காதீர்கள். வெளிச்சம் பட்ட இடம் நிறம் மாறி, படாத இடம் அப்படியே நின்று, படத்தை எடுத்ததும் சட்டம் போட்ட மாதிரி தெரியும். கிளியர் போட்ட பைனிலும் தேக்கிலும் இது அதிகம்.

துடைக்க, பிழிந்த மெல்லிய துணி போதும். சோப்புத்தூள், வினிகர் எதுவும் வேண்டாம். மிச்சமான கலரில் அரை லிட்டரை இறுக மூடி, கலந்த தேதியையும் அளவையும் எழுதி நிழலில் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஒரு ஸ்விட்ச் போர்டு இடம் மாறினாலோ பலகையில் அடிபட்டாலோ, அந்த டப்பாவும் மாதிரித் துண்டும் இருந்தால் அந்த ஒரு பலகையோடு வேலை முடியும். கிளியர் போட்டவர்களுக்கு அதுவும் தேவையில்லை: அடிபட்ட இடத்தைத் தேய்த்து, அதே பாலிஷை இரண்டு கை கொடுத்தால் போதும். தேய்த்த இடம் முதலில் கொஞ்சம் வெளிறித் தெரியும். வெளிச்சம் பட்டுச் சில மாதத்தில் சேர்ந்துவிடும்.